ரிச்மண்ட் கப்பல்கள் பிளந்ததற்குப் பெண் வெல்டர்கள் காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் இயங்கிய கெய்சர் கப்பல் கட்டும் தளங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத விஷயம் இது. எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் அதில் மூன்று இடங்களைத் திருத்தியாக வேண்டும். நாலரை நாளில் ஒரு முழுக் கப்பலைக் கட்டினார்கள் என்பது ஒன்று. அங்கே வேலை செய்த பெண்களை ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடித்தவர்கள் என்று எழுதியது இன்னொன்று. மூன்றாவதுதான் மனதை உறுத்துகிறது: அனுபவமில்லாத பெண்கள் வெல்டிங் செய்ததால் கப்பல்கள் இரண்டாகப் பிளந்தன என்ற வரி.

முதலில் அந்த நாலரை நாள். ‘ராபர்ட் ஈ. பியரி’ என்ற லிபர்ட்டி கப்பலுக்கு (போருக்காக ஒரே மாதிரியில் பெருமளவில் கட்டிய சரக்குக் கப்பல் வகை) 1942 நவம்பர் 8 அன்று ஏரா, அதாவது அடி முதுகெலும்பு, வைத்தார்கள். 12ஆம் தேதி தண்ணீரில் இறக்கினார்கள். இடைப்பட்ட நேரம் 4 நாள், 15 மணி, சில நிமிடங்கள். கணக்கு சரிதான். ஆனால் அது கட்டுமேடையில் கப்பல் இருந்த நேரம் மட்டுமே. இரட்டை அடித்தளம், தடுப்புச் சுவர்கள், முன்முனை, பின்முனை, மேல்தள அறைகள் எல்லாம் அதற்கு முன்பே தனித்தனிப் பெருந்துண்டுகளாகத் தரையில் தயாராகி வரிசையில் காத்திருந்தன. கிரேன்கள் அவற்றைத் தூக்கி வைக்க, ஓரங்களை வெல்ட் செய்து சேர்த்தார்கள். தண்ணீரில் இறங்கிய பிறகும் மூன்று நாள் வேலை பாக்கியிருந்தது. 15ஆம் தேதிதான் கப்பலை ஒப்படைத்தார்கள். இந்த வேகம் பிறகு வழக்கமாகவும் இல்லை. போருக்கு உதவிய உண்மையான சாதனை வேறு: தொடக்கத்தில் ஒரு லிபர்ட்டி கப்பலுக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது, பின்னர் சராசரி ஆறு வாரமாகச் சுருங்கியது. ரிச்மண்டில் நான்கு தளங்கள், 27 கட்டுமேடைகள். மொத்தம் 747 கப்பல்கள். கட்டுரைக்குத் தலைப்பாக வைக்க வேண்டிய எண் இதுதான்.

இந்தச் சுருக்கம் எப்படிச் சாத்தியமானது? பதில் வெல்டிங்கில் இருக்கிறது. இரண்டாவது திருத்தமும் அதுதான். ரிவெட் வேலை ஒரு குழுவின் வேலை. ஒருவர் ஆணியை உலையில் பழுக்கக் காய்ச்ச வேண்டும், ஒருவர் அதை வாங்கித் துளையில் செருக வேண்டும், ஒருவர் பின்னாலிருந்து தாங்க வேண்டும், ஒருவர் அடித்துத் தலையைப் பரப்ப வேண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும் என்பதால் இரும்பும் கூடுதலாகச் செலவாகும். வெல்டிங்கில் ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் போதும். ஒரு கப்பலுக்கு நூற்றுக்கணக்கான டன் எஃகு மிச்சம்.

இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. வெல்டிங்கில் மிகச் சுலபமானது கீழ்நோக்கிச் செய்வது. உருகிய உலோகம் தன் எடையிலேயே இணைப்புக்குள் படிந்துவிடும். செங்குத்துத் தகட்டில் அது வழியப் பார்க்கும். தலைக்கு மேலே செய்யும்போதோ பொறி கழுத்திலும் தோளிலும் விழும், உருகிய குழம்பு சொட்டும், கை நடுங்கினால் இணைப்புக்குள் கசடு சிக்கிக்கொள்ளும். மேலே பார்த்து வெல்ட் செய்யத் தேர்ச்சி பெற நெடுநாள் ஆகும். கீழே பார்த்துச் செய்யச் சில வாரப் பயிற்சி போதும். ரிச்மண்டில் பெருந்துண்டுகளைத் தரையிலேயே கட்டியதால், தேவைக்கேற்பப் புரட்டிப்போட்டுப் பெரும்பகுதி இணைப்புகளைக் கீழ்நோக்கியே முடிக்க முடிந்தது. நேரான நீண்ட இணைப்புகளுக்குத் தானியங்கி இயந்திரமும் இருந்தது. கப்பல் தளத்தையே கண்டிராத பல்லாயிரம் பேர் அங்கே வெல்டர் ஆனது இப்படித்தான். உச்சக்கட்டத்தில் ஊழியர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள்.

இனி மூன்றாவது. கட்டுரை குறிப்பிடும் ‘ஷெனெக்டடி’ ரிச்மண்டில் கட்டியதே அல்ல. ஓரிகானின் போர்ட்லண்டில் கெய்சரின் ஸ்வான் ஐலண்ட் தளத்தில் கட்டிய டி-2 எண்ணெய்க் கப்பல் அது. பிளந்ததும் நடுக்கடலில் அல்ல. 1943 ஜனவரி 16 இரவு, சோதனை ஓட்டம் முடிந்து துறையில் அசையாமல் நின்றபோது. காற்று உறைநிலைக்குக் கீழே, சுமார் மைனஸ் 3 டிகிரி. தண்ணீர் 4 டிகிரி. மேல்தளத்தில் தொடங்கிய விரிசல் இரு பக்கமும் இறங்கி அடித்தகடு வரை போனது. அடித்தகடு மட்டும் தாக்குப்பிடித்தது.

அங்கே வெல்டிங் குறை இருந்தது உண்மை. அவசரத்தில் இணைப்பு இடைவெளிக்குள் இரும்புக் கம்பித் துண்டைப் போட்டு மேலே ஒரு பூச்சுப் பூசி மூடும் கெட்ட வழக்கமும் அந்தக் காலத் தளங்களில் இருந்ததுண்டு. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு குறை விரிசலைத் தொடங்கி வைக்கலாம். கப்பலையே பிளக்க அது போதாது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் இதைத் தெளிவாக்கினார். அன்றைய எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் அதிகம். ஒரு வெப்பநிலைக்குக் கீழே போனால் அந்த எஃகு வளையும் தன்மையை இழந்து கண்ணாடிபோல நொறுங்கும். வட அட்லாண்டிக்கிலும் அலாஸ்கா கடலிலும் தண்ணீர் அந்த எல்லைக்குள் கிடந்தது. வெல்டர்கள் மீது விழுந்த பழியின் பெரும்பங்கை எஃகின் கணக்கில் எழுத வைத்தவரும் ஒரு பெண் என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

வடிவமைப்பும் தன் பங்கைச் செய்தது. லிபர்ட்டி கப்பலின் சரக்கறை வாய்கள் சதுர மூலையோடு வெட்டப்பட்டிருந்தன. அலையில் கப்பல் வளையும்போது மேல்தளத்தின் இழுவிசை முழுக்க அந்த மூலையில் வந்து குவியும். ஏணி வைக்கப் பக்கத் தகட்டின் மேல் விளிம்பில் வெட்டிய சதுரமும் அப்படியே. உடைந்த தகட்டின் முகத்தைப் பார்த்தால் அம்புமுனை போன்ற கோடுகள் தெரியும்; அவற்றின் முனை விரிசல் பிறந்த இடத்தைச் சுட்டும். பல கப்பல்களில் அது இந்த மூலைகளுக்கே கொண்டுபோய் விட்டது. ரிவெட் கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்ட் செய்த கப்பல் முழுவதும் ஒரே தகடு மாதிரி. ஓடத் தொடங்கினால் தடுக்க எதுவும் இல்லை.

செய்த பரிகாரங்களே காரணத்தைச் சொல்லும். மூலைகளை வளைவாக்கினார்கள். மேல்தளத்தில் நீளவாக்கில் பிளவு வெட்டி, அதன்மேல் பட்டையை வைத்து ரிவெட் அடித்தார்கள். விரிசல் அந்தப் பிளவோடு நிற்கும், பட்டை பாரத்தைத் தாங்கும். லிபர்ட்டிக்கு அடுத்து வந்த விக்டரி வகைக் கப்பல்களில், உடலின் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களுக்கு இடைவெளியை 30 அங்குலத்திலிருந்து 36 ஆக்கி, உடல் கொஞ்சம் நெகிழ வழி செய்தார்கள். வெல்டிங்கைக் கைவிட்டு ரிவெட்டுக்குத் திரும்பவில்லை, வெல்டர்களையும் மாற்றவில்லை. அமெரிக்க அரசு அமைத்த விசாரணைக் குழு 1946இல் தந்த அறிக்கையில், ஆராய்ந்த 4,694 வணிகக் கப்பல்களில் 970இல் ஏதோ ஒரு விரிசல் பதிவாகியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை சிறிய விரிசல்கள். முழுதாக உடைந்தவை மிகச் சில.

அங்கு உழைத்த கறுப்பினத்தவரைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். கொதிகலன் தொழிலாளர் சங்கம் அவர்களைத் துணைக் கிளைகளில் ஒதுக்கிவைத்தது. சந்தா உண்டு, வாக்கு இல்லை. அருகிலுள்ள சாசலிட்டோவின் மரின்ஷிப் தளத்திலிருந்து சென்ற வழக்கில், கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1944 இறுதியில் அந்த வழக்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ரிச்மண்டில் கட்டிய ‘ரெட் ஓக் விக்டரி’ என்ற கப்பல் இன்றும் அதே ஊரின் மூன்றாம் தளத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. திருத்தம் வெளியிடும்போது கட்டுரையோடு வந்த படத்தையும் ஒருமுறை பாருங்கள். அந்தப் பெண்ணின் நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டிருப்பது வெல்டிங் முகமூடி. தோல் கையுறைக்குள் இருப்பது மின்முனை பிடிக்கும் கைப்பிடி. படத்தின் கீழே ‘ரிவெட் அடிக்கும் பெண்’ என்று அச்சாகியிருக்கிறது. ‘வெல்டர்’ என்று மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
கப்பல் கட்டுமானத் துறை வாசகர் ஒருவர்