அந்த டப்பாவைப் பற்றி

கண்ணா,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் அந்த டப்பாவிலிருக்கிற ஜிம் பொடியைக் கலக்கிக் குடித்துவிட்டு ட்ரெட்மில்லில் ஓடும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, கை நடுங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாயாமே. அக்காவைக் கோபிக்காதே, நான்தான் துருவிக் கேட்டேன்.

காபியே கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை, டிகாஷன் இறங்காமல் இந்த வீட்டில் விடியாது. காபியிலும் உன் டப்பாவிலும் இருக்கிற கஃபீன் பயிற்சிக்கு உதவும் என்பதும் உண்மைதான். 2003 வரை விளையாட்டு வீரர்களின் சிறுநீரில் அது ஓர் அளவைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம், 2004 ஜனவரியில்தான் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

ஆனால் அது என்ன செய்கிறது தெரியுமா? உடம்பு உழைக்க உழைக்க அடினோசின் என்று ஒன்று சேரும். "போதும், உட்கார்" என்று மூளைக்குச் சொல்வது அதுதான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அது உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு எங்கேயும் போகவில்லை, உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதயத்திலும் இதே கதை. போன வருடம் எனக்கு இதய ஸ்கேன் எடுக்கப் போனேனே, முந்தின நாளிலிருந்தே காபி, டீ தொடக்கூடாது என்றார்கள். யாருக்குத் தெரியப்போகிறது என்று விடியற்காலையில் அரை டம்ளர் குடித்துவிட்டுப் போனேன், அங்கிருந்த பெண் கேட்டதும் உளறிவிட்டேன், திருப்பி அனுப்பிவிட்டாள்! அப்போதுதான் தெரிந்தது, இதய ரத்தக்குழாயை விரிக்க ஊசியில் ஏற்றுவதே அந்த அடினோசின்தானாம், காபி குடித்திருந்தால் குழாய் சரியாக விரியாதாம். நீ மூச்சிரைக்க ஓடும்போது இதயத்துக்குக் கூடுதலாகப் பாய வேண்டிய ரத்தத்தையும் கஃபீன் கொஞ்சம் குறைக்கிறது, அதுவும் ரத்த அழுத்தம் ஏறி நிற்கிற நேரத்தில்.

கணக்கும் பார்த்துவிட்டேன். பயிற்சிக்கு உதவுகிற அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், 9 வரை போனால் பலன் கூடுவதில்லை, படபடப்பும் வயிற்றுக் கலக்கலும்தான் கூடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம், நாளுக்கு 400 வரை பயமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. உன் டப்பாவில் ஒரு கரண்டிக்கு 300 என்று போட்டிருக்கிறதாம், நீ இரண்டு கரண்டி போடுகிறாயாம். உன் 70 கிலோவுக்கு அது கிட்டத்தட்ட 9 ஆகிறதடா! மாலை ஏழு மணிக்குக் குடித்தால் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம். நடுராத்திரியிலும் 300 உள்ளே இருந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? அப்புறம் மறுநாள் ஆபீஸில் மூன்று காபி.

முதலில் ஒரு டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடு, அதுவரை ஓட வேண்டாம், நடந்தால் போதும். டாக்டர் சரி என்றதும் ஜிம்மைக் காலைக்கு மாற்றிக்கொள், முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு டம்ளர் காபி, அது போதும். இங்கிருந்து காபிப் பொடி அனுப்புகிறேன். அப்பா வழக்கம்போல சிக்கரியை அள்ளிக் கலந்திருக்கிறார், சிக்கரியில் கஃபீனே கிடையாது, அவருடைய கஞ்சத்தனம் இந்த ஒரு தடவை உனக்கு உதவட்டும்.

ஈசிஜி எடுத்ததும் வாட்ஸப்பில் படம் அனுப்பு, அக்காவுக்கு இல்லை, எனக்கு.

அம்மா