எண்பது வெள்ளி சாக்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள முத்து,

நாங்கள் எல்லாரும் சுகம். தங்கச்சியின் முட்டி வலி எப்படி இருக்கிறது? உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. வேலை அதிகம் என்று பொய் சொல்ல மாட்டேன், வெறும் சோம்பல்.

கடிதத்தில் முக்கால்வாசி உன் மகனைப் பற்றிய புகார்தான். பில்லியர்ட்ஸ் மாதிரியான பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கிற க்யூ கோலின் முனையில் தடவ, ஆன்லைனில் எண்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரே ஒரு சாக் கட்டி வாங்கியிருக்கிறான், "இவனுக்குப் பைத்தியமாடா?" என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் சிரித்துவிட்டேன். சாக் விஷயத்தில் வாய் திறக்க உனக்கு என்ன யோக்கியதை?

சீன முதலாளி, நம் தவுக்கே கடை மாடியில் பூல் ஆடியது ஞாபகம் இருக்கிறதா? நமக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் தோட்டத்து மண்டபத்தில் இருந்த கேரம் போர்டு. அந்தப் பழக்கத்தில் முதல் நாளே நீ நீலச் சாக்கை நகத்தால் சுரண்டி, மேசையின் பச்சைத் துணி மேல் கேரம் பவுடர் போலத் தூவினாய். தவுக்கே சீனத்தில் திட்டியது நமக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அர்த்தம் முழுக்கப் புரிந்தது. அன்று துடைப்பம் பிடித்தது நான்.

கேரமில் பவுடர் வழுக்குவதற்கு, பூலில் சாக் வழுக்காமல் இருப்பதற்கு. க்யூவின் முனையில் இருப்பது தோல். பந்தோ கண்ணாடி மாதிரி வழவழப்பு. நடுவில் அடித்தால் சாக் இல்லாமலும் ஒப்பேற்றிவிடலாம். ஓரத்தில் அடித்துச் சுழல விட வேண்டும் என்றால் தோல் பந்தை ஒரு நொடியின் துணுக்கு நேரமாவது பிடித்தாக வேண்டும். அந்தப் பிடியைத் தருவது சாக். நன்றாகத் தடவிய முனைக்கும் எல்லை உண்டு. பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். நடுவிலிருந்து ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் தள்ளி அடித்தால், அதாவது ஆரத்தில் பாதியைத் தாண்டினால், எந்தச் சாக்கும் காப்பாற்றாது. 'டக்' என்று வழுக்கி, வெள்ளைப் பந்து கோணல் மாணலாக ஓடும். உன் மகன் இப்படி மிஸ்க்யூ அடிக்கும்போது எங்கே அடிக்கிறான் என்று முதலில் பார். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று தெரியுமா, இது பள்ளிக்கூடச் சாக்கே இல்லை. அந்தக் காலத்தில் உண்மையான சுண்ணாம்புக் கட்டியைத்தான் தடவினார்கள். 1897இல் ஸ்பிங்க்ஸ் என்ற அமெரிக்க பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரும் ஹாஸ்கின்ஸ் என்ற சிகாகோ வேதியியலாளரும் சேர்ந்து, மணலில் இருக்கிற சிலிக்காவையும் குருந்தக்கல் பொடியையும் கலந்து கட்டியாக்கிக் காப்புரிமை வாங்கினார்கள். சாணைக்கல்லில் இருக்கிறதே, அதே குருந்தம். ரொட்டி டோஸ்டரில் சிவக்கிற நிக்ரோம் கம்பி உருவானதிலும் இந்த ஹாஸ்கின்ஸுக்குக் கை உண்டு. அவருக்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜாக் கார் என்று ஒருவர். பந்தைச் சுழல விட்டு ஊரை அசத்திவிட்டு, எல்லாம் தன் 'சுழற்றும் தூள்' செய்கிற வேலை என்று டப்பாவில் அடைத்து விற்றாராம். உள்ளே இருந்தது வெறும் சாக் பொடி. நம் பாசார் மாலாம் இரவுச் சந்தை லேகியக்காரர் தோற்றார் போ! உன் மகன் கொடுத்த எண்பது வெள்ளியில் கொஞ்சம் அந்தத் தூளுக்கும் போயிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

கொஞ்சம்தான். முழுக்க ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். விலை கூடிய சாக்கை நானும் ஒருமுறை இரவல் வாங்கித் தடவிப் பார்த்தேன். முனையில் நன்றாக ஒட்டுகிறது, துணியிலும் பந்திலும் கறை குறைவு. கறை சின்ன விஷயம் இல்லை. வெள்ளைப் பந்தில் ஒட்டிய சாக் துணுக்கு, அடுத்த பந்தைத் தொடுகிற சரியான புள்ளியில் சிக்கிக்கொண்டால் இரண்டும் ஒரு கணம் பிடித்துக்கொள்ளும். குழிக்குள் விழ வேண்டிய பந்து வழிமாறிவிடும். அதை 'கிக்' என்பார்கள். பின்லாந்து நாட்டுத் தாவோம் சாக்குக்கு ஸ்னூக்கர்காரர்கள் பலர் மாறியது இந்தத் தொல்லைக்குப் பயந்துதான். ஆனால் வாரம் ஒருமுறை விளையாடுகிற பையனுக்குச் சாதாரண மாஸ்டர் சாக் தாராளம். மிச்சக் காசில் நல்ல தோல் முனை போட்டுக்கொள்ளட்டும்.

எதை வாங்கினாலும் தடவத் தெரியாவிட்டால் வீண். இந்தக் காலத்துப் பையன்கள் சாக்கை முனையில் கவிழ்த்து, பம்பரம் விடுகிற மாதிரி கரகரவென்று திருகுகிறார்கள். சாக்கின் நடுவில் கிணறு விழுகிறது, முனையின் உச்சி மொட்டையாகவே நிற்கிறது. எங்கள் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைத் தீட்டுவதை நீ பார்த்திருக்கிறாய். அழுத்தவே மாட்டார். கல்லில் இழுப்பார், வெளிச்சத்தில் பார்ப்பார், மறுபடி லேசாக ஒரு இழுப்பு. பட்டையைத் தாண்டிக் கத்தி இறங்கினால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. சாக்கையும் அப்படித்தான் தடவ வேண்டும். க்யூவைச் சாய்த்துப் பிடித்து, சுற்றிக்கொண்டே, பெண்கள் உதட்டுச்சாயம் பூசுகிற மாதிரி ஓரம் ஓரமாக. பிறகு ஒரு பார்வை. தோல் பளபளத்தால் சாக் நிற்காது, உப்புத்தாளால் இரண்டு தேய். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தடவ வேண்டும். மிஸ்க்யூ ஆன பிறகு முனையை முறைத்துப் பார்த்துத் தடவுகிறவனைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். உன்னைத்தான் சொல்கிறேன்.

சாக்கை மேசை விளிம்பில் வைக்கும்போது நீலப் பக்கம் மேலே பார்க்கட்டும். தே ஓ ஐஸ், அந்தக் குளிர்ந்த கடுந்தேநீர் கிளாஸ் பக்கத்தில் வைக்கவே கூடாது. இங்கே சாயங்காலம் ஆனால் மழை, ஈரம் குடித்த சாக் மாவு மாதிரி அப்பிக்கொள்கிறது. நான் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஊர்ச் செய்தி பெரிதாக இல்லை. நாம் இருந்த தோட்டத்து லய வீடுகளை இடித்துவிட்டார்கள், அங்கே சுற்றி இப்போது முழுக்கச் செம்பனை மரங்கள். தவுக்கே போய் ஏழு வருஷம். மாடியில் கைத்தொலைபேசிக் கடை வந்துவிட்டது. மேசை ஒன்றை அவர் பேரன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தன் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறான். துணி மாற்றியாகிவிட்டது, ஆனால் இடது மூலைக் குழி இன்னமும் பந்தைத் துப்புகிறது.

தீபாவளிக்கு வரும்போது பையனையும் கூட்டிக்கொண்டு வா, அந்த எண்பது வெள்ளிச் சாக்கோடு. அவன் அதைத் தடவட்டும், நான் கடைச் சாக்கைத் தடவுகிறேன். தோற்றவர் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்க வேண்டும். நீ ஆட வேண்டாம், தொட்டாயானால் துணி கிழியும்.

அன்புடன்,
ராமு