கனடாவில் பனி என்றால், கனடாவில் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு இதழில், வெளிநாடு சென்று படிக்கவிருக்கும் பிள்ளைகளுக்கான ஆலோசனைக் கட்டுரையில் ஒரு வசனம் வந்திருந்தது: “கனடாவில் எந்த நகரத்துக்குப் போனாலும் ஆறு மாதம் முழங்காலளவு பனிக்குள்தான் வாழவேண்டும்.” எங்கள் மாடிக்குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு தாய் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய மகனுக்கு விக்ரோறியாவில் இடம் கிடைத்திருக்கிறது. பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. அவனை அனுப்புவதில்லை என்று ஒரே நிலையாக நிற்கிறார்.

ஐயா, பசிபிக் கரையில் இருக்கும் விக்ரோறியா கனடாவிலேயே மிகக் குறைவாகப் பனி பெய்யும் நகரங்களில் ஒன்று. கடல் அதன் குளிரைத் தணிக்கிறது. அங்கே குளிர்காலத்தில் பெரும்பாலும் பெய்வது மழை. 31 வருடம் புவியியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் அந்தத் தாய்க்கு இதை விளக்கினேன். “பேப்பரில போட்டது பொய்யாகுமோ மாஸ்ரர்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இது முதல் தடவையாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2020 ஜனவரியில் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூபவுண்ட்லாந்தின் சென். ஜோன்ஸ் நகரில் ஒரே நாளில் 76 சென்ரிமீற்றர் பனி கொட்டியது. அவசரநிலை பிரகடனம் செய்தார்கள், பனி அள்ள இராணுவம் வந்தது. பெரிய செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் தங்கள் தலைப்பில் நகரத்தின் பெயரும் இல்லை, மாகாணத்தின் பெயரும் இல்லை. கனடா பனிக்குள் புதைந்தது என்று மட்டும் இருந்தது. என் மூத்த மகள் மேற்குக் கரையில், வன்கூவருக்குப் பக்கத்தில் சரேயில் இருக்கிறாள். அவளுடைய தொலைபேசி அன்று வேலை செய்யவில்லை. என் மனைவி விடியும்வரை சாமிப்படத்துக்கு முன்னால் இருந்தா. விடிந்தபிறகு மகள் எடுத்து, “அப்பா, அது இங்கயில்லை, மற்றக் கரையில” என்றாள். அந்த இரண்டு கரைக்கும் இடையே ஏறக்குறைய 5,000 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்புகிற தூரம். டெல்லியில் புகைமூட்டம் என்றால் வெள்ளவத்தையில் ஜன்னலைச் சாத்தச் சொல்வோமா?

அவ்வளவு தூரம்கூடப் போகத் தேவையில்லை. இளைய மகள் ரொறன்ரோவுக்கு வடக்கே, சுமார் 90 கிலோமீற்றர் தள்ளி பரி என்ற நகரில் இருக்கிறாள். ஒரு குளிர்காலம் முழுக்க நான் அவளுடன் இருந்தேன். ஒருநாள் காலை வாசல் பனியை மருமகன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அள்ளினார். பிறகு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாளுக்குப் புறப்பட்டோம். 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் பாதி வழிவரை முன்னால் போகிற வாகனம் தெரியவில்லை. அதற்குப் பிறகு வெயில். ஸ்காபரோவில் தெரு காய்ந்து கிடந்தது. “அங்க ஸ்னோவோ? இங்க ஒண்டுமில்லையே” என்று எங்களை அதிசயமாகப் பார்த்தார்கள்.

காரணம் தாங்கள் அறியாததல்ல. மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும் குளிர்காற்று, இன்னும் உறையாத ஹியூரன் ஏரியையும் ஜோர்ஜியன் விரிகுடாவையும் கடக்கும்போது வெப்பத்தையும் ஈரத்தையும் ஏற்றிக்கொள்கிறது. கரையேறியதும் அதைப் பனியாகக் கொட்டுகிறது, அதுவும் ஒடுங்கிய பட்டைகளாக. பட்டைக்குள் இருக்கிற ஊர் மூடுண்டு போகும், பக்கத்து ஊர் வெளித்திருக்கும். ரொறன்ரோ ஒன்ராறியோ ஏரியின் வடமேற்குக் கரையில் இருப்பதால் அந்தக் காற்று பெரும்பாலும் தன் சுமையை இறக்கிவிட்டுத்தான் அங்கே வருகிறது. இதே கதை எங்கள் நாட்டிலும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் வட்டவளைப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்கே மட்டக்களப்பில் கச்சான் காற்றாக வறண்டு வீசுகிறது. இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்கு எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

குளிர் கூடினால் பனியும் கூடும் என்று தங்கள் கட்டுரையாளர் நினைக்கிறார் போலும். மனைவியின் தம்பி கனடாவின் நடுப்பகுதியிலுள்ள வினிபெக்கில் இருக்கிறார். அங்கே ஜனவரியின் சராசரியே பூச்சியத்துக்குக் கீழே 16 பாகை, ரொறன்ரோவில் 4 பாகை அளவுதான். ஆனாலும் இரண்டு நகரத்திலும் வருடத்துக்குப் பெய்யும் பனி ஏறக்குறைய ஒன்று, 120 சென்ரிமீற்றரை ஒட்டியது. உறைந்த காற்றில் ஈரம் குறைவு, அதனால் கொட்டுவதற்கும் குறைவு. கடல் ஈரம் வந்து சேரும் கியூபெக் நகரத்திலோ 300 சென்ரிமீற்றர் அளவு பெய்கிறது.

பனி என்ற சொல்லிலேயே தங்கள் பத்திரிகைக்கு நெடுநாளாகக் கவனமில்லை என்பது என் பழைய மனக்குறை. “நுவரெலியாவில் பனிப்பொழிவு” என்று இரண்டு தடவை போட்டீர்கள். என் முதல் நியமனம் அந்த மாவட்டத்தில்தான். தை, மாசியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் வெப்பத்தை இழந்து, காற்றிலுள்ள நீராவி புல்லிலும் இலையிலும் உறைந்து படிகிறது. அது துகள் உறைபனி. வானத்திலிருந்து எதுவும் பொழிவதில்லை. தங்கள் செய்தியை நம்பிக் கொழும்பிலிருந்து வான் பிடித்துப் பிள்ளைகளுடன் போனவர்களை நான் அறிவேன். அந்த உறைபனியில் கருகிய தேயிலைக் கொழுந்தை வெயில் ஏறியபிறகு கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கொழுந்து குறைந்தால் அந்த வாரம் ஒரு குடும்பத்துக்கு என்ன குறையும் என்பதைத் தங்கள் செய்தி ஒரு வரியிலும் சொல்லவில்லை. அதைப்பற்றி நான் எழுதிய கடிதத்தில் தங்களைப் பாராட்டிய முதல் பந்தியை மட்டும் பிரசுரித்து மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். பத்திரிகையை நிறுத்த மனம் வரவில்லை. என் தகப்பனார் காலத்திலிருந்து வீட்டுக்கு வருகிற பத்திரிகை.

நான் கேட்பது அதிகமில்லை. பனிச் செய்தி போடும்போது தலைப்பிலேயே நகரத்தின் பெயரையோ மாகாணத்தின் பெயரையோ சேர்த்துவிடுங்கள். அந்த ஞாயிறு வசனத்துக்கு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், அதில் விக்ரோறியா என்ற பெயர் வரட்டும். பல்கலைக்கழகத்துக்கு முற்பணம் கட்ட மாதக் கடைசிவரைதான் தவணை. நான் சொல்லி அந்தத் தாய் நம்பவில்லை. தாங்கள் சொன்னால் நம்புவார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06