கூடைப்பந்து ஆதரவாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வருகை தந்துள்ள சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி ஆண்கள் அணிக்குத் துணைநிற்கும் நமது சங்கத்தின் கடந்த ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. முன்னாள் வீரர்களுக்கும் மாணவர்களுக்கும் இடையிலான நட்பு ஆட்டம் வழக்கம்போல் நடந்தது. படிப்பை முடித்துச் சென்ற வீரர்களுக்கு வழியனுப்பு விழா நடந்தது. பயிற்சிக் கோர்ட்டின் இரண்டு ரிங்குகளுக்கும் புது வலை கட்டப்பட்டது. நடுவர் பயிற்சி முகாம், பதிவு செய்தவர்கள் போதாமல் ஒத்திவைக்கப்பட்டது.

இனி அணியைப் பற்றி. பருவத்தின் முதல் கட்ட ஆட்டங்களில் அணி தடுமாறியது எல்லோரும் அறிந்ததே. தோற்ற ஆட்டங்களுக்குப் பிறகு கேலரியில் கேட்ட பேச்சு ஒன்றுதான்: “ஷாட் விழவில்லை.” பாதி உண்மைதான். ஆனால் நம் அணியை வீழ்த்தியது அது இல்லை. எதிரணி ஷாட்டும்தான் விழவில்லை. தவறிய பந்தை அவர்களே திரும்ப எடுத்தார்கள், இரண்டாவது முறை போட்டார்கள், அது விழுந்தது. நம் குறை டிஃபென்சிவ் ரீபவுண்டில், அதாவது எதிரணி தவறவிட்ட பந்தை நாம் கைப்பற்றுவதில் இருந்தது. இதைச் சங்கத்தின் பதிவுத்தாள்களை வைத்துச் சொல்கிறேன்.

ரீபவுண்ட் பதிவுத் திட்டத்தை இந்த ஆண்டு தொடங்கியபோது செயற்குழுவிலேயே எதிர்ப்பு இருந்தது. ஸ்கோரர் மேசையில்தான் எண்ணிக்கை எழுதுகிறார்களே, நாம் ஏன் தனியாக எழுத வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு முறையான பதில் தரவேண்டியது என் கடமை.

வெறும் எண்ணிக்கை ஏமாற்றும். உதாரணமாக, எதிரணி தவறவிட்ட 40 பந்துகளில் நாம் 28 எடுத்து அவர்கள் 12 எடுத்தால், நம் பங்கு 70 சதவீதம். இன்னொரு ஆட்டத்தில் அவர்கள் தவறவிட்டதே 24, அதில் நாம் 20 எடுத்தால் 83 சதவீதம். எண்ணிக்கையைப் பார்த்தால் முதல் ஆட்டம்தான் சிறந்ததாகத் தெரியும். உண்மையில் அன்றுதான் எதிரணிக்கு 12 முறை மறுவாய்ப்பு கொடுத்திருக்கிறோம். நாம் எடுத்த டிஃபென்சிவ் ரீபவுண்டை, அதோடு எதிரணி எடுத்த ஆஃபென்சிவ் ரீபவுண்டை (தான் தவறவிட்டதைத் தானே எடுத்ததை) கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். அந்தச் சதவீதம் மட்டுமே பேசும். தவறிய ஷாட் யார் கையிலும் சிக்காமல் வெளியே போய் ஒரு அணிக்குப் பந்து கிடைத்தால், அது அந்த அணியின் பொதுக்கணக்கில் சேரும் ரீபவுண்ட், எந்த வீரர் பெயரிலும் ஏறாது. ஆளுக்கு ஆள் கூட்டினால் தொகை உதைப்பது இதனால்தான்.

எண்ணிக்கை சொல்லாத இன்னொன்று, ரீபவுண்ட் ஏன் போனது என்பது. எங்கள் தாளில் அரைக் கோர்ட் வரைந்திருக்கும். ஷாட் எங்கிருந்து போனது என்பதற்கு ஐந்து பகுதி: இரண்டு கார்னர், இரண்டு விங், நடு. தவறிய பந்து எங்கே இறங்கியது என்பதற்கு மூன்று வட்டம்: ரிங்கடி, பெயின்ட்டுக்குள் (ரிங்குக்கு முன்னால் உள்ள கட்டம்), பெயின்ட்டுக்கு வெளியே. கடைசிப் பத்திதான் உயிர். ஷாட் போன கணத்தில் நம் ஐவரில் யார் தன் ஆள்மேல் உடம்பை வைத்து, அவரைப் பந்திடம் வரவிடாமல் மறித்து பாக்ஸ் அவுட் செய்தார், யார் செய்யவில்லை என்பது அதில் வரும்.

இதை ஒரே ஆள் எழுத முடியாது. ஷாட் போனதும் கண் பந்தோடு மேலே போய்விடும், கீழே நடப்பது தெரியாது. எனவே ஒருவர் பந்தை மட்டும் பார்க்க வேண்டும். இன்னொருவர் பந்தைப் பார்க்கவே கூடாது, ஆட்களை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். எழுதுபவர் மூன்றாமவர். பார்ப்பவரே குனிந்து எழுதினால், அதற்குள் டிப் அடித்து, அதாவது எகிறிய பந்தைப் பிடிக்காமல் ரிங்குக்குள் தட்டி, இரண்டாவது ஷாட்டும் முடிந்திருக்கும். டிப்பில் பாஸ்கெட் விழுந்தால் அது ஒரு ஆஃபென்சிவ் ரீபவுண்டு, ஒரு ஷாட் முயற்சி, இரண்டு புள்ளி என மூன்று பதிவு. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

மூன்று பேரும் வந்த ஆட்டங்களின் தாள்கள் தெளிவாகக் காட்டியவை இவை.

கார்னரிலிருந்து போட்ட ஷாட் தவறினால் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போய் விழுகிறது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து, அதாவது 6.75 மீட்டரைத் தாண்டிப் போட்டது தவறினால் தூரமாக எகிறுகிறது. பயிற்சியாளர்கள் எப்போதும் சொல்வதுதான், புதிதில்லை. ஆனால் நம் அணி அந்த இடங்களில் ஆள் இல்லாமல் நின்றது. எதிரணி வலது கார்னரிலிருந்து ஷாட் எடுக்கும்போது நம் ஃபார்வர்டு (ரிங் பக்கம் ஆடுபவர்) இடது பக்கம் பெயின்ட் ஓரத்தில் நிற்கிறார். ஷாட் போனதும் திரும்பி ரிங்கைப் பார்க்கிறார். அவர் காவல் காத்த ஆள் அவருக்குப் பின்னால் பேஸ்லைன் (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) வழியே இரண்டே அடி வைத்து உள்ளே வருகிறார். பந்து பின்ரிங்கில் பட்டு இடது பக்கம் இறங்குகிறது. நம் ஆள் குதிக்கிறார், ஆனால் போர்டுக்கு அடியில் போய்விட்டதால் பந்து தலைக்கு மேலே தாண்டிப் போகிறது. அவர்கள் எடுத்ததும், ஷாட் போட மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் ஷாட் கடிகாரம் 14 விநாடிக்குத் திரும்புகிறது. கார்டு (வெளியே நின்று பந்தை நடத்துபவர்) வரை வெளியே பாஸ் கொடுத்து நிதானமாக மறுபடி ஆட அந்த நேரம் தாராளம். ஏறக்குறைய இதே வரிசையில் நடந்தவை பல ஆட்டங்களின் தாளில் இருக்கின்றன.

இரண்டாவது, கார்டுகள். ஷாட் போனதுமே ஃபாஸ்ட் பிரேக்குக்கு, அதாவது எதிர்முனையில் வேகத் தாக்குதலுக்கு, ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். தூர ஷாட்டின் நீள ரீபவுண்டு ஃப்ரீ த்ரோ கோட்டருகே விழும். அது கார்டுகள் எடுக்க வேண்டிய பந்து. பந்து கைக்கு வந்த பின் ஓடினால் போதும்.

மூன்றாவது, ஜோன். பருவத் தொடக்கத்தில் உடல் தயாராக இல்லாததால் கால்களைக் காப்பாற்ற 2-3 ஜோனுக்கு (முன்னால் இருவர், பின்னால் மூவர்) போனார்கள். ஜோனில் காவலுக்கு இடம்தான் உண்டு, ஆள் கிடையாது. ஷாட் போன நொடியில் யாரை பாக்ஸ் செய்வது என்று தேட வேண்டும். தேடுவதற்குள் ஆள் உள்ளே வந்துவிடுவார். பக்கத்தில் உள்ளவரைப் பிடி, பிடித்ததைச் சத்தமாகச் சொல் என்று பழக்கினால் ஒழிய இது தீராது. புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள் கோர்ட்டில் வாயே திறப்பதில்லை.

நான்காவது, கடைசிக் குவார்ட்டர். கால் தளர்ந்தவர் உடம்பால் தடுக்காமல் கையால் எட்டிப் பிடிக்கிறார், முதுகின்மேல் விழுகிறார், ஃபவுல் வருகிறது. ஒரு குவார்ட்டரில் அணி ஃபவுல் நான்கைத் தாண்டிவிட்டால் ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு, யாரும் தடுக்காமல் போடும் இரண்டு ஃப்ரீ த்ரோ. பிடித்திருக்க வேண்டிய ரீபவுண்டு இரண்டு புள்ளியாக மாறுகிறது.

“உயரமான சென்டர் இல்லை, அதுதான் காரணம்” என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் எழுதிக்கொடுத்தார்கள். மரியாதையோடு மறுக்கிறேன். டென்னிஸ் ராட்மன் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்பிஏவில் 1991-92 முதல் 1997-98 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் ரீபவுண்டு சராசரியில் முதலிடம் பிடித்தவர். அவர் உயரம் சுமார் 2.01 மீட்டர். அவர் மோதிய சென்டர்கள் பலர் அவரைவிட உயரமானவர்கள். ரிங் 3.05 மீட்டரில் இருந்தாலும், பெரும்பாலான ரீபவுண்டுகள் கைக்கு வருவது ரிங்குக்குக் கீழே, பந்து இறங்கும்போது. அந்த உயரத்தில் இடம் பிடித்தவருக்கே பந்து. உயரம் அடுத்த விஷயம்.

பதிவைப் பயிற்சியாளரிடம் கொடுத்த பிறகு பயிற்சியில் நேரம் ஒதுக்கினார், அவருக்கு நன்றி. நடுவட்டத்தில் பந்தைத் தரையில் வைத்து, விசில் அடித்ததும் உள்ளே நிற்பவர் வெளியே நிற்பவரை மூன்று விநாடி பந்தைத் தொடவிடாமல் தடுக்கும் பயிற்சி அன்றாடம் ஆனது. செய்முறை எளிது, செய்வதுதான் கடினம். ஷாட் போனதும் முதலில் ஆளைப் பார். முன்கையை அவர் மார்பில் பதி. ஒரு காலை ஊன்றித் திரும்பு, இடுப்பைத் தாழ்த்தி அவர் தொடையில் உட்காருவது போல் அழுத்து. கைகள் தோள் உயரத்துக்கு மேலே விரிந்திருக்கட்டும். பின்னால் கைவிட்டு ஆளைப் பிடித்தால் ஃபவுல். பிறகுதான் பந்து. இரண்டு கையால் பிடித்து, கால்களை அகட்டி இறங்கி, பந்தைத் தாடைக்குக் கீழே இறுக்கி, முழங்கை வெளியே, கோர்ட்டின் ஓரப்பக்கம் நிற்பவருக்கு அவுட்லெட் பாஸ். பந்தை இடுப்புக்குக் கீழே இறக்கினால் குட்டைக் கார்டு கூடத் தட்டிப் பறிப்பார்.

ஃப்ரீ த்ரோவிலும் ஓட்டை இருந்தது. எதிரணி போடும்போது பெயின்ட்டின் இரு ஓரத்திலும் சேர்த்து நிற்க ஐந்து இடம், மூன்று நமக்கு, இரண்டு அவர்களுக்கு. அப்படி இருந்தும் பந்து போனதென்றால், மூன்றாவது ஆள் ஷாட் போட்டவரை மறிக்காமல் நின்றதுதான் காரணம். பந்து ரிங்கைத் தொட்டதும் போட்டவர் நேராக உள்ளே வந்துவிடுகிறார்.

பருவத்தின் பிற்பகுதியில் அணி மீண்டதற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சிக் கோர்ட்டின் உபகரணமும் ரீபவுண்டைக் கெடுத்தது. ஒரு முனை ரிங்கின் ஸ்பிரிங் இறுகிப்போய்ப் பந்து எகிறியது. மறுமுனையில் போல்ட் தளர்ந்து பந்து செத்து விழுந்தது. மோதலின் ஆற்றலில் 35 முதல் 50 சதவீதம் வரை ரிங் உள்வாங்க வேண்டும், ஒரே கோர்ட்டின் இரண்டு ரிங்குகளுக்கும் இடையே 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு கூடாது என்பது சர்வதேச அளவு. அதைச் சோதிக்கும் கருவி நம்மிடம் இல்லை. போல்ட்டை முடுக்கி, ஸ்பிரிங்கை மாற்றி, ஒரே பந்தை இரண்டிலும் போட்டுப் பார்த்து ஒப்பிட்டோம். பாதிப் பந்துகளில் காற்று அதிகமாக அடிக்கப்பட்டிருந்தது. 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் பந்தின் மேற்பகுதி 1.2 முதல் 1.4 மீட்டர் வரை எழ வேண்டும் என்ற பழைய அளவைச் சுவரில் கோடாகக் குறித்திருக்கிறோம். பயிற்சிக்கு முன் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

இனிச் சொல்ல மனம் வராததையும் சொல்லியாக வேண்டும். பதிவுப் பணிக்குப் பெயர் கொடுத்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் தொடக்க ஆட்டங்களோடு நின்றுவிட்டார்கள். ஆட்டத்துக்கே வராதவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேலை இருக்கும். ஆனால் வந்து கேலரியில் உட்கார்ந்து, நம் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போனவர்களும் உண்டு. ஆட்களைப் பார்ப்பவர் வராத நாட்களில் கடைசிப் பத்தி வெறுமையாக இருக்கிறது. பந்து எங்கே விழுந்தது என்று தெரிகிறது, யார் விட்டார் என்று தெரியவில்லை. பருவத்தின் நடுப்பகுதித் தாள்கள் பெரும்பாலும் இப்படித்தான். அவற்றைப் பயிற்சியாளரிடம் நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. இரு ஆட்டங்களின் தாள்கள் வாங்கிச் சென்றவரிடமிருந்து இன்னும் திரும்பவில்லை. அவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் தயவுசெய்து கொண்டுவந்து கொடுக்கவும்.

சந்தா நிலைமையும் இதேதான். செலுத்தியவர்கள் யார், செலுத்தாதவர்கள் யார் என்பது பதிவேட்டில் இருக்கிறது, பெயர் வாசிப்பது முறையாகாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிலுவை வைத்திருப்போர் எண்ணிக்கை குறையவில்லை. நினைவூட்டுக் கடிதத்துக்குப் பதில்கூட வருவதில்லை. வாக்களிக்கும் உரிமை சந்தா செலுத்தியவர்க்கே என்று நமது விதியிலேயே இருக்கிறது. இதுவரை அதைக் கடுமையாகப் பின்பற்றவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு பெரும்பகுதி பழைய நன்கொடையிலிருந்து வந்தது. வலை, ஸ்பிரிங், பதிவுத்தாள் அச்சு, வழியனுப்பு விழா ஆகியவற்றுக்குச் செலவானது. கையிருப்பு அடுத்த பருவத் தொடக்கம் வரை தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் சொல்வதற்கில்லை. பதிவுத் திட்டத்துக்குத்தான் பணம் போனது என்ற பேச்சு சரியல்ல. அதற்கு ஆனது தாளும் பேனாவும் மட்டுமே.

கல்லூரி நிர்வாகத்துக்கும், பயிற்சியாளருக்கும், உடற்கல்வித் துறைக்கும், மைதானப் பணியாளர்களுக்கும், மழையிலும் வந்து எழுதிய சில உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு இன்னும் கடினமானது. இந்த ஆண்டு முன்களத்தில் நின்றவர்கள் படிப்பை முடித்துச் செல்கிறார்கள், முதலாண்டு மாணவர்களோடு மறுபடி ஆரம்பத்திலிருந்து பழக வேண்டும். பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே பதிவு தொடங்கினால்தான் பழைய தவறுகளை உடனே பிடிக்க முடியும். அதற்கு ஓர் ஆட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும், மாற்று ஆட்களோடு சேர்த்து ஆறு பேராவது உறுதியாக இருக்க வேண்டும். அவர்கள் கிடைக்காவிட்டால் திட்டத்தை நிறுத்திவிட்டு, ஸ்கோரர் மேசையின் எண்ணிக்கையோடு திருப்திப்படுவதைத் தவிர வழியில்லை. செயலாளர் பொறுப்பைத் தொடர்வது குறித்தும் அதைப் பார்த்தே முடிவு செய்ய எண்ணியிருக்கிறேன். பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. நிலுவைச் சந்தாவுக்கான ரசீதுப் புத்தகமும் அதனருகே பொருளாளரிடம் இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்