ஸ்கை கிங்கை ஸ்டேட்டஸில் வைத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். 2018-இல் அமெரிக்காவில் சியாட்டிலில் காலி விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு பறந்து செத்துப்போன, இணையம் ஸ்கை கிங் என்று கூப்பிடுகிற அந்தப் பையனின் குரல், பின்னால் யாரோ சேர்த்துவிட்ட பியானோ, சாயங்கால வெயிலில் விமானம் ஒருமுறை புரண்டு எழுகிற காட்சி, அதற்கு மேல் நீ எழுதிய வரி: "போனா இப்படிப் போகணும்." உடனே போன் பண்ணினேன், பேசினோம், நீ சிரித்து மழுப்பினாய். இருந்தாலும் எழுதுகிறேன், பொதுவிலேயே, உன் பெயரைப் போடாமல், உன்னிடம் கேட்டுக்கொண்டுதான். உன்கூட நைட் ஷிப்ட் பார்க்கிற பசங்களும் அதையே எடுத்து வரிசையாகப் போட்டிருக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய். அவர்களுக்கும் சேர்த்து இருக்கட்டும்.

உன்னை மாதிரி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு அவன் கதை ஏன் பிடித்துப்போகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. அவன் உங்கள் ஆள். ஹொரைசன் ஏர் நிறுவனத்தில் தரைப்பணி ஊழியன், மூன்றரை வருட சர்வீஸ், பெட்டி ஏற்றுவது, இறக்குவது, விமானத்தை டிராக்டரால் இழுத்துப்போய் நிறுத்தும் குழுவிலும் வேலை. 28 வயது, கல்யாணமானவன். அதற்கு முன்னால் மனைவியோடு சேர்ந்து ஒரிகானில் ஒரு பேக்கரி நடத்தியிருக்கிறான். தன் வேலையைப் பற்றி அவன் செய்த ஒரு வீடியோ இன்னும் இணையத்தில் சுற்றுகிறது. நான் பெட்டி தூக்குகிறேன், நிறையப் பெட்டி, அவ்வளவு பெட்டி என்று சலிப்பும் நக்கலுமாகச் சொல்லிக்கொண்டே போவான், திரையில் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் அந்த வேலையால் தனக்குக் கிடைத்த பயணங்களைக் காட்டுவான். அதைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. உன் வாயிலிருந்து வந்த மாதிரியே இருந்தது.

ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஏழரை மணி வாக்கில் அவன் 76 பேர் உட்காரும் அந்த கியூ400 விமானத்தைத் தனி ஆளாக எடுத்துக்கொண்டு கிளம்பினான். பைலட் பயிற்சி கிடையாது. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் பறந்தான். போர்ட்லாந்திலிருந்து இரண்டு எஃப்-15 போர் விமானங்கள் ஒலியைவிட வேகமாகப் பாய்ந்து வந்தன, அந்த அதிர்வு கீழே ஊர் முழுக்கக் கேட்டது. அவன் கிளம்பிய சியாட்டிலின் சீடாக் விமான நிலையத்தில் மற்ற விமானங்களை நிறுத்திவைத்தார்கள். கடைசியில் கெட்ரான் என்கிற சின்னத் தீவில் மரங்களுக்குள் விழுந்து செத்துப்போனான். இருபது பேர் போல வசிக்கிற தீவு அது, பாலம் கிடையாது, படகில்தான் போகவேண்டும், தீயணைப்பு ஆட்களும் அப்படித்தான் போனார்கள்.

பறந்த நேரம் முழுக்க அவன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சு எல்லோரும் கேட்கக்கூடிய அலைவரிசையில் போனதால் அன்று ராத்திரியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இங்கேதான் எனக்கு உன் வீடியோ மேல் கோபம். அதில் இருப்பதெல்லாம் அவன் அடித்த ஜோக்குகள். வீடியோ கேம் ஆடியிருக்கிறேன், கொஞ்சம் தெரியும் என்று சொன்னது. ஒழுங்காகத் தரையிறக்கிவிட்டால் எனக்கு பைலட் வேலை கொடுப்பார்களா என்று கேட்டது. அப்புறம் அந்தப் புரளல், அதோடு இசை மேலே ஏறுகிறது, முடிந்தது.

அந்தப் புரளலுக்கு அடுத்து என்ன நடந்தது தெரியுமா? கட்டுப்பாட்டு அறை பேச்சில் சேர்த்துக்கொண்ட பைலட் ஒருவர் அவனைப் பாராட்டிவிட்டு, சரி, செய்துவிட்டாய், இப்போது கீழே யாருக்கும் அடிபடாமல் இறக்கப் பார்ப்போம் என்கிறார். அதற்கு அவன், எனக்கு வேண்டாம், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன் என்கிறான். கேட்டாயா? நீங்கள் எல்லோரும் கைதட்டுகிற அந்த சாகசம், அவனைப் பொறுத்தவரை உயிர் போகும் என்று எதிர்பார்த்துச் செய்தது. போகவில்லை. போகாததில் அவனுக்கு ஏமாற்றம். இந்த இடத்தைக் கேட்டபிறகு அந்தக் காட்சிக்குப் பின்னால் பியானோ வைக்க ஒருத்தனுக்கு மனசு வருமா?

வெட்டிப்போட்டது அது மட்டுமில்லை. என் மேல் அக்கறை உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் இப்படிச் செய்ததைக் கேட்டால் நொந்துபோவார்கள், ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், நான் உடைந்துபோன ஆள், இவ்வளவு நாளாக எனக்கே தெரியவில்லை என்கிறான். அவன் வீட்டார் அதிர்ந்துபோய்ச் சொன்னதும் அதைத்தான்: அவனை நேசித்தவர்கள் அத்தனை பேர் என்று அவன் சொன்னது உண்மைதான் என்றார்கள். சேதி தெரிந்த ராத்திரியிலிருந்து அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் பார். மகனின் கடைசி ஒன்றேகால் மணி நேரம் உலகத்தின் கையில் இருக்கிறது, வருடா வருடம் தேதி பார்த்துத் திருவிழா மாதிரி எடுத்து ஓட்டுகிறார்கள், ஸ்கை கிங் என்று பட்டம் கட்டி டி-ஷர்ட் போட்டு விற்கிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள். அவன் அம்மா எந்தக் கடையில் எந்தப் பையன் நெஞ்சில் அதைப் பார்த்தாரோ.

பறந்துகொண்டே அவன் இன்னொன்றும் கேட்டான். அந்தக் கோடையில் சியாட்டில் பக்கத்துக் கடலில் ஒரு ஓர்க்கா திமிங்கலம், பிறந்ததும் செத்துப்போன தன் குட்டியைக் கீழே விடாமல் 17 நாள் தூக்கிக்கொண்டு நீந்தியது. டாலெகுவா என்று பெயர் வைத்து உலகமே செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஓர்க்கா இருக்கிற இடத்தைச் சொல்லுங்கள், போய்ப் பார்க்கவேண்டும் என்றான். இதையும் மீம் போடுகிறவர்கள் அழகான விசித்திரம் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் ரசிக்க ஒன்றுமே தோன்றவில்லை. துக்கத்தில் இருக்கிற ஒருத்தன், துக்கத்தில் இருக்கிற இன்னொரு உயிரைப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

திட்டுகிறவர்கள் பக்கமும் நான் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே பயங்கரவாதி என்று எழுதினார்கள், கோழை என்றார்கள், சாவதென்றால் வீட்டிலேயே சாகவேண்டியதுதானே என்றுகூட எழுதினார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதுகிறவர்களுக்குத் தாங்கள் என்ன எழுதுகிறோம் என்று தெரிகிறதா என்றே எனக்குச் சந்தேகம். உள்ளூர் காவல் தலைவரான ஷெரீஃப் இது பயங்கரவாதம் இல்லை என்று உடனே சொன்னார், நல்ல காரியம். ஆனால் உல்லாசப் பயணமாகத் தொடங்கி விபரீதமாக முடிந்திருக்கலாம் என்றும் சொல்லிவைத்தார். பாதிப் பேருக்கு இன்றைக்கும் மனசில் நிற்பது அந்தப் பேச்சுதான். சில மாதம் கழித்து நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ விசாரணையை முடித்தபோது, கடைசியில் அவன் விமானத்தை வேண்டுமென்றேதான் இறக்கினான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

நீ போனில் சொன்னாயே, "யாரையும் கொல்லலக்கா, தனியாத்தானே போனான்" என்று. தனியாகத்தான் போனான். யாரையும் காயப்படுத்த அவனுக்கு எண்ணம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து ராணுவ ஓடுதளத்தில் இறங்கச் சொன்னபோது, அங்கே எதையாவது நாசம் பண்ணிவிடுவேன், வேண்டாம் என்றவன் அவன். ஆனால் அந்தக் கடலைச் சுற்றிலும் லட்சக்கணக்கான பேர் குடியிருக்கிறார்கள் தம்பி. பயிற்சி இல்லாத ஒருத்தன், எரிபொருள் மளமளவென்று குறைகிறது என்று அவனே சொல்கிறான், ஒரு இன்ஜின் போகிற மாதிரி இருக்கிறது என்றும் சொல்கிறான். வீடுகள் மேல் விழாமல் போனதில் அவன் நல்ல எண்ணத்துக்கு ஒரு பங்கு, மீதி அதிர்ஷ்டம். விழுந்திருந்தால்? 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமான நிறுவனத்தின் துணை பைலட் ஒருத்தன் பயணிகள் விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் கொண்டுபோய் மோதினான், அவனோடு 149 பேர் செத்தார்கள். அவனுக்கு யாரும் பாட்டுக் கட்டவில்லை. அவனைக் கொலைகாரன் என்கிறோம், அவன் செய்தது கொலைதான். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கீழே யாரும் சாகவில்லை என்கிற ஒரே காரணத்துக்காக மேலே செத்தவனின் சாவு அழகாகிவிடாது என்கிறேன்.

சம்பளக் கதையையும் இழுத்தாய். குறைந்தபட்சக் கூலி என்று காரணம் போட்டுக்கொள்ளுங்கள், மேலே இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கட்டும் என்று அவன் சொன்னது உண்மை. அதற்காகவே அவனைத் தொழிலாளர் போராளி ஆக்கிவிட்டது ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம், நான் வெள்ளைக்காரன், எனக்கு வேலை கொடுக்கமாட்டார்கள் என்று அவன் போகிறபோக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிறவெறிக்குக் கொடி பிடிக்கிறது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான், ஆளுக்கு ஒரு துண்டு. நல்லது, கூலிக் கோபம் நியாயமான கோபம்தான். உன் கான்ட்ராக்டைப் பற்றி நீ புலம்பினால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்பேன். ஆனால் அவன் சாவுக்கு அப்புறம் எழுந்த கேள்விகளைப் பார். விமானத்தை யார் யார் தொடலாம், ஊழியர்களை எப்படிச் சோதிப்பது, இவைதான். பெட்டி தூக்குகிறவனுக்கு என்ன கூலி என்று எந்த விசாரணையும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மறுபடி மறுபடி கேட்கத் தோன்றுகிற குரல் ஒன்று உண்டென்றால் அது அந்தக் கட்டுப்பாட்டாளருடையது. கத்தவில்லை, மிரட்டவில்லை, உபதேசம் பண்ணவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஓட்டுவதற்கு வசதியாக இருக்கிறதா என்று விசாரிக்கிறார், எங்கே இறங்கலாம் என்று இடம் காட்டுகிறார், பைலட் ஒருவரையும் பேச்சில் சேர்த்துக்கொள்கிறார். இன்னொரு பக்கம் மற்ற விமானங்களை விலக்கும் வேலையும் நடக்கிறது. காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரமும் அவனிடம் மனுசனிடம் பேசுகிற மாதிரி பேசினார்கள். அந்த அறையில் இருந்தவர்களுக்கு டி-ஷர்ட் யாரும் போடவில்லை.

ஒரு ஸ்டேட்டஸ் போட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்டாய். வியன்னாவில் 80-களில் மெட்ரோ ரயில் முன் விழுந்து சாகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். பத்திரிகைகள் ஒவ்வொரு சாவையும் படம் போட்டு, உருக்கமாக, முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தன. 1987 நடுவில் மனநல மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, இப்படி எழுதாதீர்கள் என்று பத்திரிகைகளுக்கு விதிமுறை கொடுத்தார்கள், பத்திரிகைகளும் கேட்டுக்கொண்டன. அந்த ஆண்டின் பின்பாதியிலேயே அந்த முயற்சிகள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. மாறியது எழுதிய விதம் மட்டும்தான். இன்றைக்குப் பத்திரிகை உன் கையில் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்களில் எவன் எந்த நிலையில் பார்க்கிறான் என்று உனக்குத் தெரியாது. டபுள் ஷிப்ட் முடித்து, கடன்காரன் போனை எடுக்காமல், கழிவறைக்குப் பக்கத்தில் நின்று ஸ்க்ரோல் பண்ணுகிற ஒருத்தன் கண்ணில் "போனா இப்படிப் போகணும்" பட்டால் அவன் எப்படி எடுத்துக்கொள்வான்?

அப்புறம், நீ. போனில் சுற்றி வளைத்தேன், இங்கே நேராகக் கேட்கிறேன். சாகவேண்டும் போல இருக்கிறதா உனக்கு? கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், கேட்டால் பாரம் இறங்குவதுதான் அதிகம். இல்லை என்றால் இல்லை என்று சொல், நம்புகிறேன். ஆமாம் என்றாலும் சொல். திட்டமாட்டேன், சித்தியிடம் ஓடமாட்டேன், அழுதாலும் பரவாயில்லை, சேர்ந்து என்ன செய்வது என்று பார்ப்போம். என்னிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் 14416 என்று டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. உன் பசங்களுக்கும் அந்த எண்ணை அனுப்பிவிடு. ஸ்டேட்டஸாகவே போட்டாலும் சரி.

இந்த வாரம் உனக்கு எந்த நாள் ஆஃப் என்று ரோஸ்டர் வந்ததும் அனுப்பு, நான் லீவு போட்டுக்கொள்கிறேன். சாப்பாடு நம் வீட்டில். மாமாவும் இருப்பார், அவருக்குத் தெரிந்த ஒருவர் தொழிற்சங்கத்தில் இருக்கிறார், கான்ட்ராக்ட் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தால் காட்டிக் கேட்கலாம். ராத்திரி டூட்டி முடிந்து அப்படியே வருவதென்றால் வண்டியில் வராதே, தூக்கக் கலக்கத்தில் ஓட்டாமல் ரயிலில் வா.

அன்புடன்,
அக்கா