கோணி ஊசிக்கும் இரண்டு முழ நூலுக்கும் நன்றி

கல் பாவிய சந்து மேலே திரும்பும் இடத்தில், வாசற்படியில் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் பெயரைக் கேட்காமலே கிளம்பிவிட்டோம். அதனால்தான் வாசலை அடையாளம் சொல்லி எழுதுகிறோம். அந்த ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவர் காதில் போடுங்கள்.

மலை சைக்கிள் ஓட்ட வந்த எங்கள் குழுவுக்குச் சனிக்கிழமை மலையில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. எல்லோரும் கீழே வந்து சேர்ந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் இருப்பவர் நேற்று சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து பேசினார். உதவி கேட்டுக் கீழே போன சைக்கிள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சைக்கிளின் பின் டயர் பதினோரு கிலோமீட்டர் ஓடியது உங்கள் தையலில்தான், அம்மா.

எங்களிடம் இருந்த எதுவும் ஏன் உதவவில்லை என்று சொன்னால்தான் நீங்கள் செய்தது மற்றவர்களுக்குப் புரியும். பழைய கிராமத்துச் சந்துகளில் நடுவே கிடக்கும் கற்கள் தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டும் வண்டி ஏறியும் வழவழப்பாகிவிட்டவை. ஈரத்தில் வழுக்கும், ஆனால் டயரை ஒன்றும் செய்யாது. மழைநீரைத் திருப்பிவிடக் குறுக்கே செங்குத்தாகப் பதித்த பலகைக்கல்தான் ஆபத்து. அதன் விளிம்பு பல இடங்களில் தேயாமல் கத்தி மாதிரியே நிற்கிறது. நேர்க்குறுக்காகக் கடந்தால் டயரின் தடித்த மேற்பரப்பு தாங்கிக்கொள்ளும். கொஞ்சம் சாய்வாகக் கடந்தால் விளிம்பு பக்கச்சுவரைச் சீவிவிடும். மலை சைக்கிள் டயரின் பக்கச்சுவர் என்பது நைலான் நூல் அடுக்கும் அதன்மேல் மெல்லிய ரப்பர் பூச்சும்தான். மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

டியூப் இல்லாத டயருக்குள் சீலன்ட் என்ற திரவத்தை ஊற்றியிருப்போம். முள் குத்திய ஓட்டையை அது தானே அடைத்துவிடும், ஐந்தாறு மில்லிமீட்டர் வரைக்கும். அதைவிடப் பெரிதானால் ரப்பர் திரியைச் செருகுவோம். திரி பிடித்து நிற்க அதைச் சுற்றிலும் கனமான ரப்பர் வேண்டும். பக்கச்சுவரில் அது கிடையாது. போதாததற்குச் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் மடங்கி விரிகிறது. மூன்று திரிகளைச் சேர்த்துச் செருகியும் காற்று ஏறியதும் மூன்றும் வெளியே வந்துவிட்டன. அப்படியே உள்ளே டியூப் போட்டிருந்தால் கிழிசல் வழியே அது குமிழாகப் பிதுங்கி, அடுத்த கல்லில் உரசியதும் வெடித்திருக்கும்.

நீங்கள் வேலையைக் கீழே வைத்துவிட்டு வந்தீர்கள். டயரை விரலால் விரித்துப் பார்த்து, உள்ளே தெரிந்த இழைகளைத் தடவி, "இதுவும் துணிதானே" என்றீர்கள். நாங்கள் யாரும் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. உள்ளே போய்க் கோணி ஊசியும், மெழுகு தடவிய நைலான் நூல் இரண்டு முழமும், பிளாஸ்டிக் இழையில் நெய்த சாக்கில் ஒரு துண்டும் எடுத்து வந்தீர்கள்.

நீங்கள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். இன்னொருவர் மலையில் மாட்டிக்கொண்டால் கைகொடுக்கட்டும் என்று இங்கே விவரமாக எழுதிவைக்கிறோம்.

டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து கழற்றினால் போதும், முழு டயரையும் எடுக்க வேண்டாம். சீலன்டைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஊசி கையில் நிற்காது. முதல் குத்து கிழிசல் முடியும் இடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. கிழிசல் மேற்கொண்டு ஓடாமல் தடுப்பது அந்த ஒரு தையல்தான். அடுத்தடுத்த குத்துகளை நீங்கள் ஒரே வரிசையில் போடவில்லை. கிழிசல் ஓரத்திலிருந்து ஒன்று ஐந்து மில்லிமீட்டரில், அடுத்தது எட்டில் என மாற்றி மாற்றிப் போட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, ஒரே கோட்டில் குத்தினால் அந்தக் கோட்டிலேயே புதிதாகக் கிழியும் என்றீர்கள். தபால்தலையைக் கிழிக்கத் துளை போட்டிருப்பது நினைவுக்கு வந்தது. நாங்களே தைத்திருந்தால் நிச்சயம் நேர்கோட்டில்தான் குத்தியிருப்போம், பாதி வழியில் ஓரம் முழுக்கப் பிய்ந்திருக்கும்.

நூலை இரட்டையாகப் போட்டு, போகும்போது ஒரு சாய்வு, திரும்பும்போது எதிர்ச் சாய்வு என்று பெருக்கல் குறியாகத் தைத்தீர்கள். இறுக்கியது ஓரங்கள் இரண்டும் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும். இன்னும் இறுக்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புடைத்துக்கொள்ளும், அந்தப் புடைப்பு உள்ளே டியூபைத் தேய்த்தே ஓட்டையாக்கிவிடும். முடிச்சை வெளிப்பக்கம் போட்டதும் அதனால்தான். எங்களில் ஒருவர் திரி செருகும் அரத்தால் முதலில் துளை போட்டுத் தரவா என்று கேட்டார், நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அது சரி. அரம் இழைகளை அறுத்துவிடும், ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். ஊசி இழுபடாத இடங்களில் இடுக்கி உதவியது. ரிம்மில் உட்காரும் விளிம்புக்குக் கிட்டே மட்டும் தைக்கவே கூடாது. அங்கே உள்ளே கம்பியோ உறுதியான செயற்கை இழையோ ஓடுகிறது, அது பழுதானால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். நல்லவேளை கிழிசல் அதற்குப் பதினைந்து மில்லிமீட்டர் மேலேயே நின்றிருந்தது.

சாக்குத் துண்டை இரண்டாக மடித்து, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி உள்ளே வைத்தோம். பசை எதற்கும் வேலையில்லை. சீலன்ட் பட்ட ரப்பரில் அது ஒட்டாது, டியூபின் அழுத்தமே துண்டை இருந்த இடத்தில் நிறுத்திவிடும். தண்ணீர் பாட்டிலை வெட்டி வைப்பவர்கள் உண்டு. அதன் வெட்டு விளிம்பு டியூபை அறுப்பதைப் பார்த்திருக்கிறோம், ஆகவே வேண்டாம். காலியான பற்பசைக் குழாயின் உறை அதைவிட மேல்.

நீங்கள் கொடுத்த பழந்துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீலன்ட் உள்ள டயரில் முள் குத்தியதே தெரியாது, அது உடனே அடைத்துவிடும். முள் மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். அந்த டயரில் டியூப் போட்டால் முதல் கிலோமீட்டரிலேயே பஞ்சர். விரலால் தேடினால் விரலில் ஏறும். பருத்தித் துணியால் உட்புறம் முழுக்கத் துடைத்தால் முள்முனை இருக்கும் இடத்தில் இழை சிக்கி நிற்கும். ஏழு முட்கள் எடுத்தோம். ஒன்றை விட்டிருந்தாலும் உங்கள் தையல் வீணாகியிருக்கும்.

டியூபைக் கொடுத்தவர் எதிரே வந்த, முன்பின் தெரியாத ஒரு சவாரிக்காரர். 29 அங்குலச் சக்கரத்துக்கு 27.5 அங்குல டியூப். அவசரத்துக்கு நீண்டு கொடுக்கும், ஓடும். டியூப் போட ரிம்மில் இருந்த பழைய வால்வை முதலில் கழற்ற வேண்டும், அதன் நட்டு இடுக்கி போட்டும் அசைய மறுத்தது. எப்போதோ கருவி வைத்து முறுக்கியிருக்கிறோம். அது கையால் மட்டும் இறுக்க வேண்டிய நட்டு. அரைமணி நேரத்தை அது விழுங்கிவிட்டது, ஒரு உயிர் காத்திருந்த நேரத்தில். இனி எங்கள் வண்டிகள் எதிலும் அந்த நட்டில் இடுக்கி படாது.

காற்று அடித்ததும் ஒரே மூச்சில் இல்லை. காற்றழுத்தம் பத்து பிஎஸ்ஐ வந்ததும் நிறுத்தி, டயர் இருபுறமும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா, தையலில் புடைப்பு தெரிகிறதா என்று பார்த்தோம். இருபதில் இன்னொரு தடவை. 28-இல் நிறுத்தினோம். வழக்கமாகப் பின்சக்கரத்தில் 24 வைப்போம், ஆனால் டியூப் உள்ளே இருக்கும்போது அந்தக் காற்றில் கல்லில் மோதினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். மிகவும் ஏற்றினால் தையல் விரியும். இடையில் கிடைத்த இடம் அந்த நாலைந்து பிஎஸ்ஐதான். கிழிந்தது முன் டயராக இருந்திருந்தால் இரண்டையும் கழற்றி இடம் மாற்றிய பிறகுதான் போகச் சொல்லியிருப்போம். பின்டயர் வெடித்தால் சமாளிக்கலாம், இறக்கத்தில் முன்டயர் வெடித்தால் ஆள் தப்புவது கஷ்டம்.

கீழே போனவர் படிக்கட்டு வந்த இடமெல்லாம் இறங்கித் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்பிரேக்கைச் சக்கரம் பூட்டிக்கொள்ளும்படி பிடிக்கவில்லை, பூட்டினால் டயர் ஒரே இடத்தில் இழுபட்டுத் தேயும். அடிவாரத்தில் பார்த்தபோது சாக்குத் துண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. வெளிநூலில் மட்டும் ஒரு இழை அறுந்திருந்தது.

இந்த விளையாட்டு தொடங்கியதே இப்படிக் கையில் கிடைத்ததை வைத்துச் சரிசெய்துதான். 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் பகுதி மலைச்சரிவில் பழைய கனத்த சைக்கிள்களில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக்கின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். இறக்கம் முடிந்ததும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கே அதனால் 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இன்று எங்கள் முதுகுப்பையில் சங்கிலி இணைப்பு, கியர் தாங்கி, பல்முனைக் கருவி, இரண்டு பம்ப் எல்லாம் இருக்கின்றன. சில கிராம் எடையுள்ள ஊசியும் நூலும் இல்லை.

சனிக்கிழமை உதவிய மற்றவர்களையும் மறக்கவில்லை. டார்ச் பிடித்து நின்ற இரு சிறுவர்கள், மேய்ச்சல் நிலத்தின் வாயிலைத் திறந்துவிட்டுக் குறுக்குவழி காட்டியவர், போனில் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குக் கூட்டிப்போனவர், எங்கள் சைக்கிள்களை இரவு முழுக்கத் தன் கொட்டகையில் பூட்டி வைத்தவர், தூக்குப்படுக்கையை முறை மாற்றி முறை மாற்றிச் சுமந்த எட்டுப் பேர், ஆம்புலன்ஸில் வந்தவர்கள், இரவெல்லாம் விழித்திருந்த மருத்துவர்களும் செவிலியர்களும். டியூப் கொடுத்த சவாரிக்காரரே, உங்களுக்கு ஒரு டியூப் கடன்பட்டிருக்கிறோம், 29 அங்குலமாகவே தருகிறோம்.

ஊர் எங்களுக்குச் செய்ததற்குப் பதிலாக நாங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் தவறாமல் செய்வோம். அந்தச் சந்துகளில் வீட்டுக் கதவுகள் நேராகக் கல்வீதியில் திறக்கின்றன, நடைபாதை என்று தனியாக ஒன்று இல்லை. ஒரு குழந்தை படியிறங்கினால் சைக்கிளின் முன்சக்கரத்தில்தான் வந்து நிற்கும். இனி முதல் வீடு தெரிந்ததும் வேகம் நடை வேகம்தான், திருப்பங்களில் மணி அடிப்போம். கூட்டமாக வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்குவது அறவே கிடையாது. அப்படிச் சறுக்கினால் கற்களுக்கு நடுவே உள்ள மண் பெயர்ந்துவிடும், அடுத்த மழையில் கல் ஆடத் தொடங்கும், பிறகு அதைப் பதிக்க ஊர்க்காரர்கள்தான் குனிய வேண்டும். மேய்ச்சல் வாயில்களைத் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவருவோம். 1988-இல் தொடங்கிய சர்வதேச மலை சைக்கிள் சங்கத்தின் பாதை விதிகளிலும் இது உண்டு, நாங்கள் எல்லோரும் படித்ததுதான். ஆனால் அந்த இரவில் இருட்டிலும் வாயிலை மூடிவிட்டுத்தான் ஒருவர் எங்கள் பின்னால் ஓடிவந்தார்.

எங்கள் குழுவில் ஒவ்வொரு பையிலும் இனிமேல் கோணி ஊசி ஒன்று இருக்கும், மெழுகு நூல் இரண்டு முழம் அதில் சுற்றியிருக்கும், மடித்த சாக்குத் துண்டு ஒன்றும். ஊசிமுனை எதையும் குத்தாமல் இருக்க அதைப் பழைய வால்வு மூடியில் செருகி வைத்திருக்கிறோம். நூல் இல்லாத இடத்தில் பல் இடுக்கில் விடும் நைலான் இழையும் தாங்கும் என்று நேற்று பழைய டயரில் தைத்துப் பார்த்தோம், 30 பிஎஸ்ஐ வரை பிரியவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி மாற்றி மாற்றித்தான் குத்தினோம்.

உங்கள் ஊசி எங்களிடமே இருக்கிறது, அம்மா. அவசரத்தில் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் இருப்பவர் நடக்கத் தொடங்கியதும் அவரையும் அழைத்துக்கொண்டு வந்து திருப்பித் தருகிறோம். அந்த டயரைக் கழற்றி வைத்திருக்கிறோம், அதையும் கொண்டுவருகிறோம். உள்பக்கம் திருப்பி, எந்த இழை அறுந்தது என்று காட்ட வேண்டும்.