டர்ன்டேபிளை அனுப்பும் முன் ஒரு மூன்று நிமிடச் சோதனை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். “பாட்டு இழுக்கிறது”, “குரல் கீச்சென்று கேட்கிறது” என்ற குறிப்புகளோடு எங்கள் பட்டறைக்கு வரும் டர்ன்டேபிள்களில் சில, அளந்து பார்த்தால் சரியான வேகத்திலேயே ஓடுகின்றன. பழுதில்லாத கருவியைக் கட்டி அனுப்பும் சிரமமும் வழியில் ஊசி அடிபடும் அபாயமும் உங்களுக்கு வேண்டாம் என்பதால், வேகத்தை வீட்டிலேயே சரிபார்க்கும் முறையை இம்மடலில் விளக்குகிறோம்.

எல்.பி. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி என்பதால், 100 சுற்றுக்குச் சரியாக 180 வினாடி, அதாவது மூன்று நிமிடம் ஆகும். கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுழல்தட்டின் விளிம்பில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி, இசைத்தட்டின் மீது ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணுங்கள். ஊசியின் உராய்வு தட்டைச் சற்றே பின்னிழுக்கும் என்பதால் வெறுந்தட்டில் எடுத்த அளவு போதாது. கடிகாரத்தைத் தொடங்கும்போது கடக்கும் காகிதத்தைச் ‘சுழியம்’ என்று எண்ண வேண்டும். அதை ‘ஒன்று’ என்று எண்ணுவோர் 99 சுற்றையே அளந்துவிட்டு, கருவி 1 சதவீதம் வேகமாக ஓடுவதாக முடிவுகட்டுகிறார்கள். எங்களுக்கு வரும் புகார்களின் அளவும் பெரும்பாலும் அதுவே என்பது வேடிக்கை. 180க்குப் பதில் 178 வினாடி ஆனால் கருவி ஏறத்தாழ 1.1 சதவீதம் வேகம். கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 வினாடி தவறினாலும் பிழை 0.1 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஓர் அரைச்சுர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 6 சதவீத வேக மாற்றம் வேண்டும் என்பதால், அரை சதவீதப் பிழையைப் பெரும்பாலான காதுகள் அறியா. இசைத்தட்டோடு சேர்ந்து இசைக்கருவி வாசிப்பவர்களே உணர்வார்கள்.

ஸ்ட்ரோப் தட்டு (வேகம் சரியாக இருந்தால், துடிக்கும் விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் அளவுத்தட்டு) வைத்திருப்பவர்கள் விளக்கைக் கவனிக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும் என்ற கணக்கில்தான் 33⅓ வேகத்துக்கு 180 கோடுகள் அச்சிடப்படுகின்றன. 60 ஹெர்ட்ஸுக்கு 216 கோடுகள். கைபேசி விளக்கும் பல எல்.இ.டி. விளக்குகளும் அவ்வாறு துடிப்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் தட்டில் கோடுகள் சுழலும் திசையிலேயே வினாடிக்கு ஒரு கோடு நகர்ந்தால் 1 சதவீதம் வேகம். எதிர்த்திசையில் நகர்ந்தால் அதே அளவு மந்தம். ஆனால் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றி ஓடும் ஒத்தியங்கு மோட்டார் உள்ள கருவியில், அந்த அதிர்வெண் குறைந்தால் விளக்கும் மோட்டாரும் சேர்ந்தே தளர்வதால், பிழை இருந்தும் கோடுகள் அசையாமல் நிற்கும். அத்தகைய கருவிக்குக் கடிகாரமே நம்பகமானது. கைபேசியைச் சுழல்தட்டின் மீது வைத்து வேகம் அளக்கும் செயலியில் 33⅓ என்பது வினாடிக்கு 200 பாகையாகத் தெரியும். கைபேசியின் எடை தட்டை ஒரு பக்கம் அழுத்துவதாலும், ஊசியை இறக்க இடமில்லாமல் போவதாலும், நாங்கள் அதை முதல் சோதனையாகப் பரிந்துரைப்பதில்லை.

வேகம் சரியாக இருந்தும் சுருதி ஊசலாடினால், இசைத்தட்டை ஐயுறுங்கள். நடுத்துளை 1 மில்லிமீட்டர் விலகியிருந்தால், மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தொலைவில் சுருதி 1 சதவீதம் ஏறி இறங்கும். 60 மில்லிமீட்டரில் அது ஏறத்தாழ 1.7 சதவீதம். ஆகவே உள்பக்கப் பாடல்களில் ஊசலாட்டம் கூடுகிறதென்றால், ஒவ்வொரு 1.8 வினாடிக்கும் ஒருமுறை வருகிறதென்றால், வேறொரு தட்டைப் போட்டுக் கேளுங்கள். எந்த மோட்டாரைச் சரிசெய்தும் இந்தக் குறை தீராது.

உண்மையிலேயே மந்தமாக இருந்தால், வேகச் சறுக்கி (வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் நகர்த்தும் பிடி) நடுவில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பெல்ட்டையும் அது ஓடும் பரப்புகளையும் விரல் எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். தொய்ந்திருந்தால் அந்தக் கருவிக்குரிய பெல்ட்டையே மாற்றுங்கள், ஏனெனில் தடிமன் கூடினால் வேகமும் கூடும். 60 ஹெர்ட்ஸுக்குரிய ஒத்தியங்கு மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும்; அதற்குப் பெல்ட் காரணமல்ல, புல்லியை (பெல்ட்டை ஓட்டும் மோட்டார்ச் சக்கரத்தை) மாற்ற வேண்டும். அடியிலுள்ள சிறு திருகுகளைக் கணக்கில்லாமல் திருப்ப வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம்.

இதற்குப் பின்னும் அனுப்ப நேர்ந்தால், 33⅓ வேகத்தில் 100 சுற்றுக்கு ஆன வினாடிகளையும், 45 வேகத்தில் (சரியான அளவு 133.3) ஆன வினாடிகளையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். இரண்டும் ஒரே சதவீதம் பிசகியிருந்தால் பெல்ட், புல்லி, மோட்டார் பக்கமும், ஒன்று மட்டும் பிசகியிருந்தால் அந்த வேகத்துக்கான அமைப்பிலும் நாங்கள் பார்வையைத் தொடங்குவோம்.

இங்ஙனம்,
பழுதுபார்ப்புப் பிரிவினர்